திருப்பி வைத்த போத்தல்

அந்தப் போத்தலை நான் கையில் எடுத்தபோது அதற்குப் பெயர் இருக்கவில்லை. முன்பக்க லேபலை ஈரம் தின்றிருந்தது. விரல்நகம் அளவான மஞ்சள் கடதாசித் துண்டொன்று மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஏல நிறுவனத்தின் பட்டியலில் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: பன்னிரண்டு போத்தல்கள், பிரெஞ்சு சிவப்பு வைன், பலவகை, லேபல்கள் சேதம், சில அடையாளம் தெரியாதவை.

கோப்பன்ஹேகனின் எல்லையில், லொறிகள் நிற்கும் ஒரு தெருவில் அவர்களுடைய களஞ்சியம் இருக்கிறது. ஏலத்துக்கு ஒரு வாரம் முன்னால், விற்பனைக்கு வரும் போத்தல்களை நீண்ட மேசைகளில் பரப்பி வைத்து, விரும்பியவர்கள் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிடுவார்கள். குளிரான இடம். யாரும் சத்தமாகக் கதைப்பதில்லை. தடித்த சட்டை போட்ட ஆண்கள் சிறிய டோர்ச் லைட்டைப் போத்தலுக்குப் பின்னால் பிடித்து, கழுத்துக்குள் வைன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, அடியில் மண்டி எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் குறைவு. என் நிறத்தில் என்னைத் தவிர வேறு யாரையும் நான் கண்டதில்லை.

கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் நாங்கள் வசிக்கும் டோஸ்ட்ருப்பில் இருக்கும் தமிழ்ப் பெண்களில் வைன் சேர்ப்பவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது, "அவ குடிக்கிறவவாம்" என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்குத் தெரியும். மாதத்தில் ஒரு போத்தல் திறந்தால் அதிகம். எங்கள் மாடிக்கட்டடத்தின் நிலவறையில், மற்றவர்கள் பழைய சைக்கிளும் பனிச்சறுக்குக் கட்டைகளும் வைக்கும் கம்பிவலை அறையில், நான் அறுபது போத்தல்கள் வரை படுக்க வைத்திருக்கிறேன். எனக்கு வேலை ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில். பணக்காரச் சேகரிப்பாளர்களோடு போட்டி போட என்னால் முடியாது. ஆகவே அவர்கள் தொடாததை வாங்குவேன். லேபல் கிழிந்தது, ஊத்தை பிடித்தது, பெட்டி இல்லாதது, சோடி பிரிந்தது. லேபல் இல்லாத போத்தலை விருந்தாளிகளுக்கு முன்னால் வைக்க அவர்களுக்கு மனம் வராது. எனக்கு அந்தக் கவலை இல்லை.

டென்மார்க்குக்கு வந்த புதிதில் நான் கோப்பன்ஹேகனில் ஒரு பெரிய ரெஸ்டோரன்ட்டில் கோப்பை கழுவினேன். மேலே வைன் பரிமாறும் பொறுப்பில் இருந்த மனிதர், போத்தல் கழுத்தின் தகட்டு உறையை வெட்டி எடுத்து வெறுங்கிளாசுகளுக்குள் போட்டுவிடுவார். அவை என் தொட்டிக்குள் வந்து வடிகாலை அடைக்கும். நான் அவற்றைப் பொறுக்கித் துடைத்துப் பார்ப்பேன். தகட்டின் உச்சியில் எழுத்துகள் புடைத்திருக்கும். டெனிஷ் சரியாக வாசிக்கத் தெரியாத காலத்திலேயே அந்த எழுத்துகளை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். ஒருநாள் அந்த மனிதர் அதைக் கண்டு சிரித்துவிட்டு, ஒரு போத்தலின் கடைசி வாயை எனக்கு ஊற்றித் தந்தார். பிரான்சின் பர்கண்டிப் பகுதியைச் சேர்ந்த ஒரு விவசாயி செய்தது. அந்த ஒரு வாய்தான் இத்தனைக்கும் காரணம். பிறகு அந்த விவசாயி இறந்துவிட்டார். அவருடைய போத்தல்கள் ஏலத்தில் வரும்போது நான் பட்டியலைப் பார்த்து மூடி வைப்பேன். என் காசின் எல்லைக்குள் அவை ஒருநாளும் வந்ததில்லை.

அன்று களஞ்சியத்தில், பெயரில்லாத அந்தப் போத்தலின் கழுத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணம் தடிப்பாகப் படிந்திருந்தது. பழக்கதோஷத்தில் பெருவிரலால் உச்சியைத் தேய்த்தேன். முதலில் ஒரு வளைவு. பிறகு ஒரு எழுத்து. இன்னும் இரண்டு எழுத்துகள்.

அந்தப் பர்கண்டி விவசாயியின் பெயரெழுத்துகள். போத்தலை மேசையில் வைத்துவிட்டு மூச்சை விட்டேன். பிறகு பெட்டிக்குள் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்பதாவது போத்தலிலும் அதே எழுத்துகள். இரண்டு! டோர்ச் லைட்டைப் பின்னால் பிடித்தேன். வைன் கழுத்தில் நல்ல உயரத்தில் நின்றது. நிறம் செங்கல் நிறமாக, தெளிவாக இருந்தது. அடியில் மெல்லிய மண்டி. குறை சொல்ல ஒன்றுமில்லை. நிறுவனத்தின் நிபுணர் பெட்டியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார். அந்த ஏலத்தில் ஆயிரக்கணக்கான போத்தல்கள். பூஞ்சணத்தைத் தேய்த்துப் பார்க்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

அடுத்ததாக நான் செய்ததை இப்போது எழுதும்போதும் முகம் சூடேறுகிறது. இரண்டு பக்கமும் பார்த்தேன். தேய்த்த இடத்தில் மேசைத் தூசியை விரலால் எடுத்துப் பூசினேன். இரண்டு போத்தல்களையும் பெட்டியின் பின்வரிசையில், ஒட்டியிருந்த மஞ்சள் கடதாசி சுவர்ப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தேன். முன்னால் மலிவான இரண்டு போத்தல்களை இழுத்து விட்டேன்.

"நீங்கள் இங்கே வேலை செய்கிறீர்களா?"

திடுக்கிட்டுத் திரும்பினேன். எண்பது வயது இருக்கும் ஒரு டெனிஷ் பெண். மழைக்கோட்டு, கையில் ஒரு துணிப் பை. பார்வைக்கு வருகிறவர்களைப் போல இல்லை. கையில் டோர்ச்சும் இல்லை, பட்டியலும் இல்லை.

"இல்லை. நானும் பார்க்கத்தான் வந்தேன்" என்றேன்.

"மன்னியுங்கள். பெட்டியை அடுக்குவதைக் கண்டேன். அதுதான் நினைத்தேன்." அவர் பெட்டியின் விளிம்பில் கையை வைத்தார். "இது எங்களுடையது. என் கணவருடையது. வீட்டை விற்றுவிட்டு ஒடென்சேக்கு, மகளுக்குப் பக்கத்தில் போகிறேன். நிலவறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கடைசியாக ஒருதரம் பார்க்கலாமென்று வந்தேன். முட்டாள்தனம்தான்."

நான் ஏதோ தலையாட்டினேன்.

"இதற்குள் இரண்டு போத்தல் எங்கள் பொன்விழாவுக்கு என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஐம்பதாவது கலியாண நாளுக்கு. எது என்று சொல்லவேயில்லை. அந்த நாளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது இறந்துவிட்டார். இங்கே இருக்கிற பொடியனைக் கேட்டேன். விசேஷமாக ஒன்றும் இல்லை என்றான்." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "உங்களுக்கு வைன் தெரியுமா? எதுவாக இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியுமா?"

அவருடைய கண்கள் வெளிர் நீலம். ஒரு கண்ணில் நீர் கோர்த்திருந்தது. அது குளிரினாலா வேறு எதனாலா தெரியவில்லை. என் விரல் நுனியில் அந்தப் பூஞ்சணம் இன்னும் ஒட்டியிருந்தது. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டேன்.

"இல்லை. எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது" என்றேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். வாசலில் குடையை விரிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போய் உதவவில்லை.

என் கணவர் லொறித் தெருவின் முனையில் காருக்குள் இருந்தார். அவர் பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். வைனைத் தொடுவதேயில்லை. ஆனால் பார்வை நாட்களில் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து, வெளியில் இருந்து ரேடியோ கேட்பார்.

"என்ன, முகம் இப்பிடிக் கிடக்கு? நல்லது ஏதும் கண்டனீரோ?"

"ஓம். கண்டனான்." அந்த விவசாயியின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். இருபத்தைந்து வருடங்களாக நான் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"மெய்யாவோ? ரெண்டு போத்தலோ?" அவர் ஸ்டியரிங்கில் தட்டினார். "அப்ப ஏன் சந்தோசமா இல்லை?"

"குளிர்" என்றேன்.

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். பரிசோதனைக் கூடத்தில் என் வேலை பெரும்பாலும் லேபல்களோடுதான். வார்டுகளிலிருந்து வரும் இரத்த மாதிரிக் குழாய்களை இயந்திரத்துக்குள் விடுவதற்கு முன்னால், எந்தக் குழாய் எந்த ஆளுடையது என்று உறுதி செய்ய வேண்டும். பத்து மணி போல ஒரு குழாய் வந்தது. கிருமிநாசினி பட்டு லேபலில் எழுத்து அழிந்திருந்தது. அப்படி வந்தால் விதி ஒன்றுதான்: உடனே வார்டுக்குப் போன் எடுத்துச் சொல்ல வேண்டும். ஊகிக்கக் கூடாது, பேசாமல் இருக்கவும் கூடாது. நான் யோசிக்காமல் போனை எடுத்து இலக்கத்தை அழுத்தினேன். மறுமுனையில் தாதி, "சொன்னது நல்லது, திரும்ப எடுத்து அனுப்புகிறோம்" என்றார். போனை வைத்த பிறகு கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். பக்கத்தில் வேலை செய்யும் பெண் சுகமில்லையா என்று கேட்டாள். தலையிடி என்றேன்.

அந்த வார இறுதி முழுவதும் என் மனம் இரண்டு பக்கமும் இழுபட்டது. ஏலம் என்றால் என்ன? தெரிந்தவன் வாங்குவான், தெரியாதவன் விடுவான். அந்தக் களஞ்சியத்தில் டோர்ச்சோடு நடக்கும் ஒவ்வொரு ஆணும் மற்றவன் காணாததைத்தான் தேடுகிறான். அவர்களில் ஒருவன் இதைக் கண்டிருந்தால் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பானா? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அந்தக் கிழவி கேட்டது நினைவுக்கு வரும். ஏல நிறுவனம் கைவிரித்த பிறகு அவர் என்னை நம்பிக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்க வரிசை எழும்பியபோது, அந்தப் பாவத்தோடு அதை வாங்க மனமில்லாமல் நான் எழும்பவில்லை. என் கணவர் திரும்பிப் பார்த்தார். காரில் ஏறிய பிறகுதான் கேட்டார்.

"இப்ப சொல்லும். என்ன நடந்தது?"

சொன்னேன். பெட்டிக்குச் சொந்தக்காரி வந்ததையும் கேட்டதையும் சொன்னேன்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"தெரியாது எண்டனான்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "இஞ்சரும். இருபத்தைஞ்சு வருசமா நீர் படிச்சு வைச்சிருக்கிறீர். அதுக்கு ஆரும் உமக்குச் சம்பளம் தந்தவையோ? அங்கை நிபுணர் எண்டு கதிரையிலை இருக்கிறவன் பாக்காமல் விட்டால் அது உம்மடை பிழையோ?"

"பாக்காமல் விட்டது அவன்ரை பிழை. திருப்பி வைச்சது ஆரின்ரை பிழை?"

"என்னத்தைத் திருப்பி வைச்சது?"

அதையும் சொன்னேன். தூசி பூசியதையும் சொன்னேன். கார் நிறுத்துமிடத்தில் மற்ற ஆட்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ கண்ணாடியில் தட்டிக் கைகாட்டினார்கள். அவர் சிரித்துக் கைகாட்டிவிட்டு, அந்தச் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"அது எனக்குத் தெரியாது" என்றார் மெதுவாக. "அது வேறை."

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் ஏல நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். வைன் பகுதி நிபுணர் பேசினார். இளம் குரல். பெட்டி இலக்கத்தைச் சொல்லி, அதில் இரண்டு போத்தல்களை அவர்கள் பிழையாக விபரித்திருக்கிறார்கள் என்றேன்.

"அந்தப் பெட்டியை நாங்கள் பரிசோதித்துவிட்டோம்" என்றார். மரியாதையான, அவசரமான குரல். என் டெனிஷ் உச்சரிப்பைக் கேட்டதும் அந்த அவசரம் கூடியதாக எனக்குப் பட்டது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

"பின்வரிசையில் இடமிருந்து இரண்டாவதும் மூன்றாவதும். கழுத்து உறையின் உச்சியில் பூஞ்சணத்தைத் துடைத்துப் பாருங்கள்."

"எங்களுக்கு ஒவ்வொரு நாளும் இப்படி ஐந்தாறு போன்..."

அந்த உறையில் என்ன எழுத்துகள் புடைத்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசி எழுத்தின் வால் ஏன் கொஞ்சம் தேய்ந்திருக்கும், அந்த விவசாயி எத்தனை வருடம் அந்த அச்சை மாற்றாமல் பாவித்தார் என்பதையும் சொன்னேன்.

"நீங்கள் யார்?" என்று கேட்டார்.

"வாங்குகிற ஆள்" என்றேன். என் வாடிக்கையாளர் இலக்கத்தைக் கொடுத்தேன்.

"பார்க்கிறேன்" என்றார். நன்றி சொன்னாரா என்று ஞாபகமில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் திரும்பப் போன் எடுக்கவில்லை. புதன்கிழமை காலை இணையத்தில் பார்த்தேன். அதே ஒற்றை வரி. அடையாளம் தெரியாதவை. ஏலம் அன்று மாலை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி அவர்கள் பாடு என்று மனத்தின் ஒரு பக்கம் துள்ளியது. அந்தத் துள்ளலை நான் மறைக்கப் போவதில்லை. வேலை முடிந்து ரயிலில் வரும்போது, நிலவறையில் அந்த இரண்டையும் எந்தத் தட்டில் வைப்பது என்றுகூட யோசித்தேன்.

அந்த ஏலம் முழுவதும் இணையத்தில்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கடிகாரம் ஓடும். முடியும் தறுவாயில் யாராவது விலை கேட்டால் இரண்டு நிமிடம் கூடும். சமைத்த சோறு மேசையில் ஆறிக்கொண்டிருக்க, என் கணவரும் நானும் மடிக்கணினியின் முன்னால் இருந்தோம். எங்கள் பெட்டிக்குப் பத்து நிமிடம் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

"நீர் சொல்லிப்போட்டீர்தானே" என்றார் அவர். "இனி வாங்கினால் களவில்லை."

"அந்த மனிசிக்குச் சொல்லேல்லை."

"அவவின்ரை ஆக்களுக்குச் சொன்னது அவவுக்குச் சொன்ன மாதிரித்தான்."

ஐந்து நிமிடம் இருக்கும்போது விலையை அழுத்தினேன். திரையில் பச்சை அடையாளம்: உங்களுடையதே அதிக விலை. நான்கு நிமிடம். வேறு யாரோ கேட்டார்கள். பச்சை சிவப்பானது. உடனே திரும்ப அழுத்தினேன். அவரும் உடனே அழுத்தினார். யாரோ ஒருவருக்கு இது தெரிந்திருக்கிறது! அந்த நேரத்தில் அந்தக் கிழவி என் நினைவில் இல்லவேயில்லை. அந்தப் பெயர் தெரியாத ஆளிடம் விடக்கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. மூன்றாம் முறை அழுத்தினேன். நான்காம் முறை. என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பொறும்."

"விடுங்கோ!"

ஒரு நிமிடமும் சில நொடிகளும் இருக்கும்போது கடிகாரம் நின்றது. பக்கம் ஒருதரம் வெள்ளையாகி, திரும்ப வந்தது. படத்தின் மேல் சாம்பல் நிறப் பட்டி விழுந்திருந்தது. விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அந்த நிபுணர் கடைசி நேரத்தில் பூஞ்சணத்தைத் துடைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

நான் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். நிம்மதி வரவில்லை. யாரோ என் கையிலிருந்து பறித்த மாதிரி இருந்தது. அழுகை வந்தது. அழுததற்கு வெட்கமும் வந்தது. என் கணவர் சோற்றைத் திரும்பச் சூடாக்கினார். நாங்கள் சாப்பிட்டோம்.

ஆறு வாரம் கழித்து ஏல நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பெட்டியின் சொந்தக்காரி அந்தத் தகவலைத் தந்தவரோடு பேச விரும்புகிறார், தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். நான்கு நாள் பதில் எழுதவில்லை. ஐந்தாம் நாள் ஓம் என்று எழுதி அனுப்பிவிட்டு, உடனே அனுப்பியதற்கு வருந்தினேன்.

அந்தப் பெண் எனக்குப் போன் எடுத்தபோது குரலை உடனே அடையாளம் கண்டேன். அவருக்கு என் குரல் தெரியவில்லை. இரண்டு போத்தல்களில் ஒன்றைத் தனியாக விற்கக் கொடுத்துவிட்டாராம். மற்றதை வைத்துக்கொண்டாராம். பொன்விழா வர வேண்டிய நாள் அடுத்த சனிக்கிழமை. "எனக்கு அதைத் திறக்கத் தெரியாது. கை நடுங்குகிறது. மகள் திறந்தால் தக்கையை உடைத்துவிடுவாள். தெரிந்த ஒருவர் வேண்டும்" என்றார். நன்றி என்ற பேச்சே வரவில்லை. ஒரு வேலைக்கு ஆள் கேட்பது போலத்தான் கேட்டார். அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை தனியாக ஒடென்சேக்கு ரயில் எடுத்தேன். பாலத்துக்கு மேலே போகும்போது கடல் இரண்டு பக்கமும் ஈய நிறத்தில் கிடந்தது. பைக்குள் என் கருவி இருந்தது. பழைய தக்கைக்கு வழமையான திருகி சரிவராது. இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கையின் இரு பக்கமும் இறக்கி, மெதுவாகச் சுற்றி இழுக்க வேண்டும். வழி நெடுக, என்னை மறந்திருப்பார் என்று நம்பிக்கொண்டு போனேன். எண்பது வயது, ஒரு நிமிடப் பேச்சு, மங்கலான களஞ்சியம்.

அவர் கதவைத் திறந்தார். சிரித்த முகம் அப்படியே நின்றது.

"நீங்களா?" என்றார்.

"ஓம்."

"நீங்கள் தெரியாது என்றீர்கள்."

"பொய் சொன்னேன்" என்றேன். ரயிலில் நான் தயார் செய்திருந்த வசனங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. "எனக்கு அது வேண்டியிருந்தது. நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே எழுத்துகளைப் பார்த்துவிட்டேன். மற்றவர்கள் காணாதபடி திருப்பியும் வைத்தேன்."

அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. மாடிப்படி விளக்கு தானாக அணைந்தது. அவர் கையை நீட்டி அதைத் திரும்பப் போட்டார்.

"பிறகு ஏன் சொன்னீர்கள்?"

"தெரியவில்லை. வேலை செய்ய முடியவில்லை. சொன்ன பிறகும் வாங்கப் பார்த்தேன். ஏலத்தில் கடைசிவரை விலை கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருத்தி நான்."

திரும்பிப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். படியில் காலை வைக்கக்கூடத் தயாரானேன்.

"சப்பாத்தைக் கழற்றுங்கள்" என்றார். "தரை புதிது."

சிறிய வீடு. பிரிக்காத பெட்டிகள் சுவரோரம் இருந்தன. மேசையில் இரண்டு கிளாஸ்கள், நடுவில் அந்தப் போத்தல். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். நான் உறையை வெட்டினேன். தக்கையின் மேல் கறுப்பாக ஈரம். தகடுகளை ஒரு மயிரளவாக இறக்கினேன். பாதியில் தக்கை உள்ளே சறுக்கப் பார்த்தது. நோயாளியின் நரம்பில் ஊசி ஏற்றும்போதுகூட என் கை அப்படிப் பயந்ததில்லை. அவர் எதிரே நின்று, என் முகத்தைப் பார்க்காமல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் எடுத்தது. தக்கை முழுசாக வந்தது.

இரண்டு கிளாசிலும் கொஞ்சம் ஊற்றினேன். மூக்கை வைத்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வைன் உயிரோடு இருந்தது. இவ்வளவு வருடம் கழித்தும் முழு உயிரோடு.

அவர் ஒரு வாய் குடித்தார். வாய்க்குள் வைத்திருந்தார். விழுங்கினார். முகத்தைச் சுளித்தார்.

"காளான் போல இருக்கிறதே" என்றார். "இதுதானா?"

"இதுதான்."

"இதற்காகவா அந்த மனுசன் இருபது வருடம் நிலவறைக்குப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்?" அவர் கிளாசைத் தள்ளி வைத்தார். குரலில் கோபம் இருந்தது. அது என் மேல் இல்லை. "என்னை ஒருநாளும் கூட்டிக்கொண்டு போகவில்லை. கேட்டால், உனக்கு விளங்காது என்பான். சொன்னால்தானே விளங்கும். சொல்லுங்கள். இதில் என்ன இருக்கிறது?"

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் திராட்சைத் தோட்டத்துச் சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, காலை வெயில் எப்படி விழும், அந்த விவசாயி ஏன் தன் தோட்டத்துக் குலைகளில் பாதியை வெட்டி நிலத்தில் போட்டுவிடுவார், மிச்சப் பாதிக்கு அதனால் என்ன கிடைக்கும். மூக்கை வைத்து முதலில் வருவது காளான்தான் என்றேன். அது போகும்வரை பொறுத்திருந்தால் பின்னால் செர்ரி வரும், புதிய பழமல்ல, போத்தலில் போட்டு மறந்துபோன பழம். அதற்கும் பின்னால் நனைந்த இலை, காய்ந்த ரோசா, நாக்கின் ஓரத்தில் இரும்பு. டெனிஷில் சில வாசனைகளுக்கு எனக்குச் சொல் தெரியவில்லை. கையால் காட்டினேன். அவர் சொல்லைத் தந்தார். இடையிடையே கிளாசை எடுத்து மணந்து, "செர்ரி இல்லை" என்றார். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப மணந்து, "இருக்கிறது" என்றார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படி இருந்தோம். கடைசிவரை அவருக்கு அது பிடிக்கவில்லை. தன் கிளாசில் பாதியைத்தான் குடித்தார். ஆனால் நான் நிறுத்தினால், "பிறகு?" என்று கேட்டார். போத்தலில் மீதி இருந்ததை மகள் வந்து குடிக்கட்டும் என்று மூடி வைத்தார்.

நான் எழும்பினபோது வாசல்வரை வந்தார். மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஒருதரம் அசைத்தார். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

"போத்தலைத் திறந்து தந்ததற்கு நன்றி" என்றார்.

டோஸ்ட்ருப்பில் ரயிலை விட்டு இறங்கும்போது மழை. என் கணவர் காரைக் கொண்டுவந்து நின்றார்.

"எப்பிடி இருந்தது?" என்றார் கதவைத் திறந்துகொண்டே.

"நல்லா இருந்தது. அப்பிடி ஒண்டு எனக்கு இனிக் குடிக்கக் கிடையாது."

"அவவுக்கு?"

"பிடிக்கேல்லை."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மன்னிச்சவவோ?" என்று கேட்டார்.

"சொல்லேல்லை" என்றேன்.

அவர் கண்ணாடி துடைப்பானைப் போட்டுவிட்டு, காரை மெதுவாக வெளியே எடுத்தார்.